சாசனத்தில் இல்லாத கட்சி: அமெரிக்க ஆட்சி எப்படி நடக்கிறது

1936 நவம்பரில் நடந்த அதிபர் தேர்தலில் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் அன்றைய 48 மாநிலங்களில் 46-ஐ வென்றார். நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் அவருடைய ஜனநாயகக் கட்சியினர். பிரதிநிதிகள் சபையிலும் அதே நிலைதான். அந்தத் தெம்பில் 1937 பிப்ரவரியில் அவர் ஒரு மசோதாவை அந்த நாடாளுமன்றத்துக்கு, அதாவது காங்கிரஸுக்கு, அனுப்பினார். பொருளாதாரப் பெருமந்தத்திலிருந்து நாட்டை மீட்க அவர் கொண்டுவந்த சட்டங்களை உச்ச நீதிமன்றம் ஒன்றன்பின் ஒன்றாக ரத்து செய்துகொண்டிருந்தது. எனவே 70 வயதைத் தாண்டியும் ஓய்வு பெறாத ஒவ்வொரு நீதிபதிக்கும் ஈடாக ஒரு புதிய நீதிபதியை, அதிகபட்சம் 6 பேர் வரை, தானே நியமித்துக்கொள்ள அனுமதி கேட்டார். 9 பேர் இருந்த நீதிமன்றம் 15 பேர் வரை பெருகியிருக்கும். பெரும்பான்மை அவர் கைக்கு வந்திருக்கும்.

அந்த மசோதாவைத் தோற்கடிக்கும் அளவுக்கு எதிர்க்கட்சியிடம் ஆளே இல்லை. தோற்கடித்தது ரூஸ்வெல்ட்டின் சொந்தக் கட்சி. அவருடைய கட்சிக்காரர்கள் பெரும்பான்மையாக இருந்த செனட் நீதித்துறைக் குழு, இது நீதிமன்றத்தின் சுதந்திரத்தையே குலைத்துவிடும் என்று கடுமையான அறிக்கை எழுதியது. ஜூலையில் செனட் 70-க்கு 20 என்ற கணக்கில் மசோதாவைக் குழுவுக்கே திருப்பி அனுப்பியது. அத்தோடு கதை முடிந்தது. இடைப்பட்ட மாதங்களில் நீதிமன்றமும் தன் போக்கை மாற்றிக்கொண்டது, ஒரு நீதிபதி ஓய்வை அறிவித்தார், அதனால் மசோதாவின் அவசரம் குறைந்தது என்பதும் உண்மை. ஆனாலும் நாட்டிலேயே செல்வாக்கு மிகுந்த தலைவரிடம் அவர் கட்சியினரே ‘முடியாது’ என்று சொன்னார்கள்.

அமெரிக்க ஆட்சிமுறையை விளங்கிக்கொள்ள இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை. சாசனத்தை எழுதியவர்கள் எப்படி நடக்க வேண்டும் என்று நினைத்தார்களோ, அன்று அப்படியே நடந்தது. செனட்டர்கள் முதலில் செனட்டர்களாகவும் அப்புறம்தான் கட்சிக்காரர்களாகவும் நடந்துகொண்டார்கள். இன்று அந்த வரிசை பெரும்பாலும் மாறிவிட்டது. எப்படி மாறியது என்று கேட்டால், வேட்பாளரை யார் தேர்ந்தெடுக்கிறார்கள் என்ற இடத்தில்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

மூன்று கிளைகள், ஒரு எதிர்பார்ப்பு

1787-ல் பிலடெல்பியாவில் கூடிய மாநாடு ஆட்சியை மூன்றாகப் பிரித்தது. சட்டம் இயற்றக் காங்கிரஸ், நிறைவேற்ற அதிபர், தீர்ப்பு சொல்ல நீதிமன்றம். இங்கே காங்கிரஸ் என்பது நாடாளுமன்றத்தின் பெயர். அதில் இரண்டு அவைகள். பிரதிநிதிகள் சபையில் 435 உறுப்பினர்கள். மக்கள்தொகைக்கு ஏற்ப மாநிலங்களுக்கு இடங்கள். பதவிக்காலம் இரண்டே ஆண்டு. செனட்டில் மாநிலம் பெரியதோ சிறியதோ ஆளுக்கு இரண்டு இடம், மொத்தம் 100. பதவிக்காலம் ஆறு ஆண்டு. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கினர் தேர்தலைச் சந்திப்பார்கள். அதிபருக்கு நான்கு ஆண்டு. கூட்டரசு நீதிபதிகளுக்கு ஓய்வு வயதே கிடையாது.

நமக்குப் பழகிய நாடாளுமன்ற முறையில் அவையில் பெரும்பான்மை உள்ளவரே அரசை அமைக்கிறார். பெரும்பான்மை போனால் அரசு கவிழ்கிறது. அமெரிக்காவில் இந்த முடிச்சே இல்லை. அமைச்சராக இருப்பவர் காங்கிரஸில் உறுப்பினராக இருக்கக் கூடாது. அதிபர் விரும்பிய மசோதா தோற்றால் அவர் பதவி விலக வேண்டியதில்லை. காங்கிரஸைக் கலைக்கும் அதிகாரமும் அவருக்குக் கிடையாது. தேர்தலைத் தள்ளிப்போடவும் அவரால் முடியாது. உள்நாட்டுப் போர் உச்சத்தில் இருந்த 1864-லும் அதிபர் தேர்தல் குறித்த நாளில் நடந்தது.

பிரித்ததோடு நிறுத்தவில்லை, ஒன்றின் குடுமியை இன்னொன்றின் கையில் கொடுத்தார்கள். காங்கிரஸ் நிறைவேற்றிய மசோதாவை அதிபர் வீட்டோ செய்யலாம். இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கினர் சேர்ந்தால் அந்த வீட்டோவை மீறலாம். அமைச்சர்களையும் நீதிபதிகளையும் அதிபர் முன்மொழிவார். செனட் ஒப்புதல் தர வேண்டும். ஒரு சட்டம் சாசனத்துக்கு முரணானது என்று ரத்து செய்யும் அதிகாரம் சாசனத்தில் வெளிப்படையாக எழுதப்படவில்லை. 1803-ல் மார்பரி எதிர் மாடிசன் வழக்கில் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் அதை நிலைநாட்டினார்.

இதற்கெல்லாம் பின்னால் இருந்த எதிர்பார்ப்பை, சாசனத்தை உருவாக்கியவர்களில் முக்கியமானவரான ஜேம்ஸ் மாடிசன் 1788-ல் நியூயார்க் பத்திரிகைக் கட்டுரை ஒன்றில் விளக்கினார். பதவியில் இருப்பவர்கள் நல்லவர்களாக இருப்பார்கள் என்று அவர் நம்பவில்லை. ஒருவருடைய அதிகார ஆசையை இன்னொருவருடைய அதிகார ஆசையே தடுக்க வேண்டும், அதற்கு ஒவ்வொருவரும் தான் வகிக்கும் பதவியின் உரிமையைத் தன் உரிமையாக நினைக்க வேண்டும் என்றார். செனட்டர் செனட்டுக்காகச் சண்டை போடுவார், அதிபர் தன் அலுவலகத்துக்காகச் சண்டை போடுவார். அந்தச் சண்டையே மக்களுக்குப் பாதுகாப்பு.

இந்தக் கணக்கில் வராதது கட்சி. சாசனத்தில் அந்தச் சொல்லே இல்லை. ஜார்ஜ் வாஷிங்டன் 1796-ல் வெளியிட்ட பிரியாவிடை உரையில் கட்சி மனப்பான்மையின் ஆபத்தைப் பற்றி எச்சரித்தார். அதற்குள் அவருடைய அமைச்சரவையில் இருந்த ஹாமில்டனும் ஜெஃபர்சனும் இரண்டு அணிகளாகப் பிரிந்திருந்தார்கள். மாடிசனே ஜெஃபர்சன் அணியின் முக்கிய அமைப்பாளர்.

முதல் அடி 1800-லேயே விழுந்தது. அதிபரைத் தேர்ந்தெடுப்பது மாநிலங்கள் அனுப்பும் தேர்வாளர்கள். அன்றைய விதிப்படி அவர்கள் ஒவ்வொருவருக்கும் இரண்டு வாக்கு. அதிக வாக்கு வாங்கியவர் அதிபர், அடுத்தவர் துணை அதிபர். ஜெஃபர்சன் அதிபர், ஆரன் பர் துணை அதிபர் என்பது கட்சியின் திட்டம். தேர்வாளர்கள் கட்சிக் கட்டுப்பாட்டோடு இருவருக்கும் வாக்களித்ததால் இருவருக்கும் 73 என்று சமமாகிவிட்டது. பிரதிநிதிகள் சபையில் 36 சுற்று வாக்கெடுப்புக்குப் பிறகே ஜெஃபர்சன் அதிபரானார். இனி இப்படி நடக்காமலிருக்க 1804-ல் பன்னிரண்டாவது திருத்தம் வந்தது. அதிலும் கட்சி என்ற சொல் கிடையாது. ஆனால் கட்சிகள் இருக்கின்றன என்று ஏற்றுக்கொண்ட திருத்தம்தான் அது.

ஒரே நாளில் 51 தேர்தல்கள்

நவம்பர் மாதத்தின் முதல் திங்களை அடுத்து வரும் செவ்வாய்க்கிழமை தேர்தல் நாள் என்பது 1845-ல் போட்ட சட்டம். நாள்தான் ஒன்று. தேர்தல்கள் தனித்தனி. 50 மாநிலங்களும் தலைநகர் வாஷிங்டனும் தங்கள் தங்கள் விதிப்படி நடத்துகின்றன. இந்தியத் தேர்தல் ஆணையம் போல நாடு முழுவதற்கும் ஒரு அமைப்பு அங்கே இல்லை. கூட்டரசுத் தேர்தல் ஆணையம் என்று ஒன்று உண்டு. அதன் வேலை பிரசாரப் பணத்தைக் கண்காணிப்பது மட்டுமே. வாக்காளர் பட்டியல், வாக்குச்சீட்டு, எண்ணிக்கை எல்லாம் மாநிலத்தின் பொறுப்பு. களத்தில் வேலை பார்ப்பது கவுண்டி என்ற மாவட்ட அளவிலான அலுவலகங்கள். ஓரிகனில் வாக்குச்சீட்டு தபாலில் வீட்டுக்கே வரும். வடக்கு டகோட்டாவில் வாக்காளராக முன்கூட்டிப் பதிவு செய்யவே தேவையில்லை. சில மாநிலங்களில் புகைப்பட அடையாள அட்டை கட்டாயம், சிலவற்றில் கையெழுத்து போதும்.

தேர்தலை நடத்தும் மாநிலச் செயலாளரும் பல மாநிலங்களில் கட்சிச் சார்பில் தேர்தலில் நின்று வென்றவர்தான். நம் கண்ணுக்கு இது வினோதமாகத் தெரியும். 2020 தேர்தலில் ஜார்ஜியாவை ஜோ பைடன் 11,779 வாக்குகளில் வென்றார். 2021 ஜனவரி 2-ம் தேதி டொனால்ட் ட்ரம்ப் அந்த மாநிலச் செயலாளர் பிராட் ரஃபென்ஸ்பெர்கருக்கு போன் செய்து, தனக்கு 11,780 வாக்குகளைக் கண்டுபிடிக்க வேண்டும் என்றார். ரஃபென்ஸ்பெர்கரும் குடியரசுக் கட்சிக்காரர்தான். எண்ணிக்கை சரியாகவே இருக்கிறது என்று சொல்லி மறுத்துவிட்டார். மாடிசன் எதிர்பார்த்தது இப்படிப்பட்டவர்களைத்தான்.

மாநிலங்களின் கையில் இருந்த இதே அதிகாரம் பெரிய கொடுமைக்கும் கருவியாக இருந்தது. இனத்தைக் காரணம் காட்டி வாக்குரிமையை மறுக்கக் கூடாது என்று பதினைந்தாவது திருத்தம் 1870-லேயே சொல்லிவிட்டது. தென்மாநிலங்கள் தேர்தல் வரி, எழுத்தறிவுத் தேர்வு, அப்பட்டமான வன்முறை ஆகியவற்றால் அதை ஏறக்குறைய நூறு ஆண்டுகள் செல்லாக்காசாக்கின. மிசிசிப்பியில் 1960களின் முற்பகுதியில் வாக்களிக்கத் தகுதியுள்ள கறுப்பின மக்களில் 7 சதவீதத்துக்கும் குறைவானவர்களே பட்டியலில் இருந்தார்கள். 1965 மார்ச்சில் அலபாமாவின் செல்மா பாலத்தில் ஊர்வலம் வந்தவர்களைப் போலீஸ் அடித்து நொறுக்கியதை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. அந்த ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டம் வந்தது. சில ஆண்டுகளிலேயே மிசிசிப்பியில் பதிவு பாதிக்கு மேல் போய்விட்டது. பாகுபாடு காட்டிய வரலாறு உள்ள மாநிலங்கள் தேர்தல் விதியை மாற்ற மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும் என்ற அந்தச் சட்டத்தின் ஏற்பாட்டை, 2013-ல் ஷெல்பி கவுண்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் செயலற்றதாக்கியது. அமெரிக்க ஜனநாயகத்துக்கு இது பெரிய இழப்பு என்றே நான் நினைக்கிறேன்.

அதிபரைப் பொறுத்தவரை மக்கள் போடும் வாக்கு நேராக அவருக்குப் போவதில்லை. ஒவ்வொரு மாநிலமும் தன் பிரதிநிதிகள் சபை இடங்களையும் இரண்டு செனட் இடங்களையும் கூட்டினால் வரும் எண்ணிக்கையில் தேர்வாளர்களைப் பெறுகிறது. தலைநகருக்கு மூன்று பேர். மொத்தம் 538, வெற்றிக்கு 270. மெய்ன், நெப்ராஸ்கா நீங்கலாக எல்லா மாநிலங்களிலும் ஒரு வாக்கு முந்தினாலும் அந்த மாநிலத்தின் எல்லாத் தேர்வாளர்களும் முந்தியவருக்கே. ஏறக்குறைய நான்கு கோடிப் பேர் வாழும் கலிபோர்னியாவுக்கு 54 தேர்வாளர்கள். ஆறு லட்சத்துக்கும் குறைவானவர்கள் வாழும் வயோமிங்குக்கு 3. வகுத்துப் பார்த்தால் கலிபோர்னியாவில் ஒரு தேர்வாளருக்குப் பின்னால் ஏழு லட்சம் பேருக்கு மேல், வயோமிங்கில் இரண்டு லட்சம் பேருக்கும் குறைவு.

2016-ல் ஹிலாரி கிளின்டன் நாடு முழுக்க 28 லட்சத்துக்கு மேல் கூடுதல் வாக்கு வாங்கியும் தோற்றார். விஸ்கான்சின், மிச்சிகன், பென்சில்வேனியா மூன்றிலும் சேர்த்து 80,000-க்கும் குறைவான வாக்குகள் முடிவைத் தீர்மானித்தன. 2020-ல் பைடன் 70 லட்சம் வாக்குகள் முந்தினார். ஆனால் அரிசோனா, ஜார்ஜியா, விஸ்கான்சின் மூன்றிலும் சேர்த்து அவர் முந்தியது சுமார் 43,000 வாக்குகளில்தான்; அந்த மூன்றும் கைமாறியிருந்தால் தேர்வாளர் கணக்கு 269-269 என்று சமமாகியிருக்கும். அப்படிச் சமமானால், அல்லது மூன்று பேர் பிரித்துக்கொண்டு யாருக்கும் 270 வராவிட்டால், முடிவு பிரதிநிதிகள் சபைக்குப் போகும். அங்கே மாநிலத்துக்கு ஒரு வாக்கு. கலிபோர்னியாவும் வயோமிங்கும் சமம்.

இரண்டு கட்சிகளுக்கு மேல் அங்கே ஏன் நிலைப்பதில்லை என்பதற்கும் இதுவே பெரிய காரணம். 1992-ல் சுயேச்சையாக நின்ற ராஸ் பெரோ கிட்டத்தட்ட 19 சதவீத வாக்கு வாங்கினார். தேர்வாளர் ஒருவர்கூடக் கிடைக்கவில்லை. ஆட்சியின் பெரிய பரிசு ஒரே ஒருவருக்குத்தான், அதற்கும் பாதிக்கு மேல் வேண்டும் என்கிறபோது, சிறு கட்சிகள் கூட்டணி பேசிச் சேர இடமே இல்லை. தேர்தலுக்கு முன்பே இரண்டு கூடாரங்களில் ஒன்றுக்குள் போய்விட வேண்டும்.

வேட்பாளரை முடிவு செய்வது யார்

நம்மூரில் வேட்பாளரை முடிவு செய்வது கட்சித் தலைமை. தலைமையின் கையெழுத்தோடு ‘பி’ படிவம் வராமல் கட்சிச் சின்னம் கிடைக்காது. வென்ற பிறகும் கொறடா உத்தரவை மீறினால் கட்சித் தாவல் தடைச் சட்டத்தின்படி பதவி போகும். அமெரிக்காவில் இரண்டும் கிடையாது. ஒருவர் இந்தக் கட்சியின் வேட்பாளரா என்பதைத் தீர்மானிப்பது பிரைமரி எனப்படும் முதல்நிலைத் தேர்தல். அரசே நடத்தும் அந்தத் தேர்தலில் சாதாரண வாக்காளர்கள் வாக்களிப்பார்கள். சில மாநிலங்களில் அந்தக் கட்சியின் பெயரில் பதிவு செய்தவர்களுக்கு மட்டும் அனுமதி; சிலவற்றில் யாரும் வரலாம். கட்சித் தலைவருக்குப் பிடிக்காதவர் பிரைமரியில் வென்றால் அவர்தான் வேட்பாளர். தலைவர் ஒன்றும் செய்ய முடியாது.

ஒரு காலத்தில் அங்கேயும் கட்சி முதலாளிகள் மூடிய அறைக்குள் ஆளைப் பொறுக்கினார்கள். அதை உடைக்க விஸ்கான்சினில் ராபர்ட் லா ஃபாலெட் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரைமரியைக் கொண்டுவந்தார். அதிபர் வேட்பாளர் விஷயத்தில் அது முழுமையாக நுழைந்தது 1968-க்குப் பிறகு. அந்த ஆண்டு வியட்நாம் போருக்கு எதிராக இளைஞர்கள் கொந்தளித்துக்கொண்டிருந்தபோது, ஒரு பிரைமரியில்கூடப் போட்டியிடாத ஹூபர்ட் ஹம்ஃப்ரியை ஜனநாயகக் கட்சி சிகாகோ மாநாட்டில் வேட்பாளராக்கியது. வெளியே தெருவில் போலீஸ் தடியடி. இனி இப்படிச் செய்ய முடியாது என்று கட்சி விதிகளை மாற்றியது. 1972 முதல் பிரைமரிகளே அதிபர் வேட்பாளரை முடிவு செய்கின்றன. குடியரசுக் கட்சியும் அதே வழிக்கு வந்தது.

அதிகாரத்தைத் தலைவர்களிடமிருந்து பிடுங்கி மக்களிடம் கொடுத்ததுதான். அந்த நோக்கம் உயர்ந்தது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பிரைமரிக்கு வருகிறவர்கள் மிகக் குறைவு. அதிபர் தேர்தல் இல்லாத ஆண்டுகளில் ஐந்தில் ஒருவர் வந்தால் பெரிது. வருகிறவர்கள் கட்சிப் பற்று மிகுந்தவர்கள். மற்றக் கட்சியோடு சமரசம் செய்வதைத் துரோகமாகப் பார்க்கிறவர்கள் அவர்களில் அதிகம். 2014-ல் பிரதிநிதிகள் சபையில் குடியரசுக் கட்சியின் இரண்டாம் நிலைத் தலைவராக இருந்த எரிக் கேன்டர், வர்ஜீனியாவில் டேவ் பிராட் என்ற பொருளாதாரப் பேராசிரியரிடம் பிரைமரியில் தோற்றார். வாக்களித்தவர்கள் சுமார் 65,000 பேர். 2018-ல் நியூயார்க்கில் ஜனநாயகக் கட்சியின் மூத்த தலைவர் ஜோ கிரௌலியை அலெக்ஸாண்ட்ரியா ஒகாசியோ-கோர்டெஸ் தோற்கடித்தார். அங்கே வாக்களித்தவர்கள் 30,000-ஐத் தொடவில்லை. இரண்டு தொகுதிகளிலும் வாழ்கிறவர்கள் ஏழு லட்சத்துக்கு மேல். இந்தத் தோல்விகளில் பாடம் படித்தது தோற்றவர்கள் மட்டும் இல்லை, காங்கிரஸில் இருந்த ஒவ்வொரு உறுப்பினரும்தான்.

ஏன் இவ்வளவு பயம் என்று கேட்டால், நவம்பர் தேர்தலில் பெரும்பாலான தொகுதிகளில் போட்டியே இல்லை. ஒத்த கருத்துள்ளவர்கள் ஒரே பகுதியில் வாழ்வது ஒரு காரணம், வரைபடம் இன்னொன்று. பத்தாண்டுக்கு ஒருமுறை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடிந்ததும் தொகுதி எல்லைகளை வரைவது பெரும்பாலான மாநிலங்களில் சட்டமன்றம், அதாவது அங்கே பெரும்பான்மை உள்ள கட்சி. 1812-ல் மாசசூசெட்ஸ் கவர்னர் எல்பிரிட்ஜ் ஜெரி கையெழுத்திட்ட ஒரு வரைபடத்தில் ஒரு தொகுதி சாலமாண்டர் என்ற பல்லி போன்ற உயிரினத்தின் உருவத்தில் வளைந்து கிடந்தது. அதிலிருந்து இந்தத் தந்திரத்துக்கு ஜெரிமாண்டரிங் என்றே பெயர் வந்துவிட்டது. எதிர்க்கட்சி வாக்காளர்களை ஒன்றிரண்டு தொகுதிகளில் திணித்துவிடுவது, அல்லது பல தொகுதிகளில் சிதறடிப்பது. கட்சி ஆதாயத்துக்காக இப்படி வரைவதைக் கூட்டரசு நீதிமன்றங்கள் தடுக்க முடியாது என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் 5-4 என்று தீர்ப்பளித்தது.

2025-ல் நிலைமை இன்னும் மோசமானது. பத்தாண்டு முடியும்வரை காத்திருக்காமல், டெக்சாஸ் குடியரசுக் கட்சியினர் தங்களுக்கு ஐந்து இடங்கள் கூடுதலாகக் கிடைக்கும்படி வரைபடத்தை மாற்றினார்கள். வாக்கெடுப்புக்கு ஆள் சேராமல் தடுக்க ஜனநாயகக் கட்சி உறுப்பினர்கள் மாநிலத்தை விட்டே வெளியேறிப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. பதிலுக்குக் கலிபோர்னியா, தன் சுயேச்சையான எல்லை வரைவுக் குழுவின் வரைபடத்தை ஒதுக்கிவைத்து, ஜனநாயகக் கட்சிக்குச் சாதகமான வரைபடத்தை அந்த நவம்பரில் மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேற்றியது. வாக்காளர் பிரதிநிதியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே பிரதிநிதி வாக்காளரைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார். இரண்டு கட்சிகளும் செய்கின்றன என்பது இதை நியாயமாக்கிவிடாது.

செனட்டும் 60 வாக்குகளும்

சரி, மாநில எல்லையை யாரும் மாற்ற முடியாது, செனட்டுக்கு ஜெரிமாண்டரிங் கிடையாது. அங்கே தடை வேறு விதம். பெரும்பாலான மசோதாக்களில் விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குப் போகவே 60 செனட்டர்களின் சம்மதம் வேண்டும். ஃபிலிபஸ்டர் என்ற இந்த வழக்கம் சாசனத்தில் இல்லை. செனட்டின் சொந்த விதிகளிலிருந்து வளர்ந்தது. விவாதத்தை முடிக்க மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்று 1917-ல் வைத்தார்கள். 1975-ல் அதை 60 ஆக்கினார்கள்.

இதன் கொடிய பயன்பாடு கறுப்பின மக்களின் உரிமைச் சட்டங்களைத் தடுப்பதாகவே இருந்தது. 1964-ன் குடிமை உரிமைகள் சட்டத்தைத் தென்மாநில ஜனநாயகக் கட்சியினர் பல வாரங்கள் பேசிப் பேசியே இழுத்தடித்தார்கள். குடியரசுக் கட்சியின் செனட் தலைவர் எவரெட் டிர்க்சன் ஜனநாயகக் கட்சி அதிபர் லிண்டன் ஜான்சனுடன் கைகோத்ததால்தான் தடை உடைந்தது. இறுதி வாக்கெடுப்பில் 67 ஜனநாயகக் கட்சியினரில் 46 பேரும், 33 குடியரசுக் கட்சியினரில் 27 பேரும் ஆதரவு. இந்த எண்களைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு கட்சிக்குள்ளும் இரண்டு தரப்பும் இருந்தது. இனவாதத் தென்மாநிலத்தவரும் வடக்கின் தாராளவாதிகளும் ஒரே கட்சியில்; அந்தப் பக்கமும் பழமைவாதிகளும் நகரத்து மிதவாதிகளும் ஒரே கட்சியில். அதனால் எந்தச் சட்டமும் கட்சி எல்லையைத் தாண்டித்தான் நிறைவேற முடியும். 1964-க்குப் பிறகு தெற்கு மெல்ல மெல்லக் குடியரசுக் கட்சிக்குப் போனது, வடகிழக்கின் மிதவாதிகள் ஜனநாயகக் கட்சிக்குப் போனார்கள். கட்சிகள் தெளிவாகப் பிரிந்தன. மாடிசனின் ஏற்பாடு இத்தனை காலம் ஓடியதில் கட்சிகளின் அந்தக் குழப்பத்துக்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் கருத்து.

60 வாக்கு என்ற விதி இன்று செய்வது வேறு. ஒரு கட்சி வெள்ளை மாளிகை, இரண்டு அவைகள் மூன்றையும் பிடித்தாலும் எதிர்க்கட்சி மறுத்தால் சாதாரணச் சட்டம் நிறைவேறாது. 2025 அக்டோபர் 1-ல் தொடங்கிய அரசு முடக்கம் 43 நாள் நீடித்ததற்கும் இதுவே காரணம். மூன்றும் குடியரசுக் கட்சியின் கையில் இருந்தும் செலவு மசோதாவுக்கு 60 வாக்கு சேரவில்லை. வரவு செலவு சம்பந்தமான சில மசோதாக்களைச் சாதாரணப் பெரும்பான்மையில் நிறைவேற்ற ஒரு தனி வழி உண்டு. செனட்டில் வாக்குகள் சமமானால் துணை அதிபரின் வாக்கு முடிவு செய்யும். தாய்வழியில் திருவாரூர் மாவட்டம் துளசேந்திரபுரத்தோடு தொடர்புள்ள கமலா ஹாரிஸ் நான்கு ஆண்டுகளில் 33 முறை அப்படி வாக்களித்தார். அமெரிக்க வரலாற்றில் எந்தத் துணை அதிபரும் இத்தனை முறை வாக்களித்ததில்லை. 2022-ல் பருவநிலை, மருந்து விலை தொடர்பான பெரிய சட்டம் 51-50 என்று நிறைவேறியது அவர் வாக்கால்தான்.

நீதிபதி நியமனங்களுக்கு இருந்த 60 வாக்குத் தடை இரண்டு தவணையில் விழுந்தது. 2013-ல் ஜனநாயகக் கட்சியினர் கீழ் நீதிமன்றங்களுக்கு நீக்கினார்கள். 2017-ல் குடியரசுக் கட்சியினர் உச்ச நீதிமன்றத்துக்கும் நீக்கினார்கள். இடையில் 2016 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்துக்கு ஒபாமா முன்மொழிந்த மெரிக் கார்லண்டுக்கு, தேர்தல் ஆண்டு என்று சொல்லிக் குடியரசுக் கட்சியின் கையில் இருந்த செனட் விசாரணையே நடத்தவில்லை. 2020-ல் தேர்தலுக்கு எட்டு நாள் முன்பு ஏமி கோனி பாரெட்டை அதே கட்சி உறுதிசெய்தது.

சொந்தக் கட்சிக்கு எதிராக வாக்களித்தால்

அதிபரை நீக்கும் வழியில் இந்த மாற்றம் மிகத் தெளிவாகத் தெரிகிறது. பிரதிநிதிகள் சபை குற்றம் சாட்டும், செனட் விசாரித்து வாக்களிக்கும். நீக்க மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். 1974 ஜூலையில் வாட்டர்கேட் முறைகேடு தொடர்பான ஒலிநாடாக்களைக் கொடுக்குமாறு உச்ச நீதிமன்றம் 8-0 என்று அதிபர் நிக்சனுக்கு உத்தரவிட்டது. அந்த எட்டுப் பேரில் மூவர் நிக்சனே நியமித்தவர்கள். ஆகஸ்ட் 7-ம் தேதி அவருடைய குடியரசுக் கட்சியின் பேரி கோல்ட்வாட்டர் உள்ளிட்ட மூன்று தலைவர்கள் வெள்ளை மாளிகைக்குப் போய், செனட்டில் காப்பாற்றும் அளவுக்கு வாக்கு இல்லை என்று சொன்னார்கள். மறுநாள் இரவு நிக்சன் பதவி விலகலை அறிவித்தார்.

2021 ஜனவரி 6-ம் தேதி, தேர்வாளர் வாக்குகளை எண்ணிக்கொண்டிருந்த காங்கிரஸ் கட்டடத்துக்குள் ட்ரம்ப் ஆதரவாளர்களின் ஒரு கும்பல் புகுந்தது. அன்றிரவு அவை திரும்பக் கூடியபோதும் 147 குடியரசுக் கட்சி உறுப்பினர்கள் ஏதாவது ஒரு மாநிலத்தின் முடிவை ஏற்க மறுத்து வாக்களித்தார்கள். அடுத்து வந்த பதவிநீக்க விசாரணையில் ட்ரம்ப் குற்றவாளி என்று 57 செனட்டர்கள் வாக்களித்தார்கள், தேவை 67. அந்த 57-ல் ஏழு பேர் குடியரசுக் கட்சியினர். சொந்தக் கட்சி அதிபருக்கு எதிராக அத்தனை செனட்டர்கள் அதற்கு முன் வாக்களித்ததில்லை.

பிரதிநிதிகள் சபையில் குற்றச்சாட்டுக்கு ஆதரவளித்த குடியரசுக் கட்சியினர் பத்துப் பேர். 2022 தேர்தலில் அவர்களில் நால்வர் போட்டியிடவே இல்லை. வயோமிங்கின் லிஸ் செனி உட்பட நால்வர் பிரைமரியில் தோற்றார்கள். திரும்பி வந்தவர்கள் இரண்டு பேர்: கலிபோர்னியாவின் டேவிட் வாலடேயோ, வாஷிங்டன் மாநிலத்தின் டான் நியூஹவுஸ். இந்த இரண்டு மாநிலங்களிலும் கட்சிவாரியான பிரைமரி கிடையாது. எல்லாக் கட்சி வேட்பாளர்களும் ஒரே சீட்டில் நிற்பார்கள், எல்லா வாக்காளர்களும் வாக்களிப்பார்கள், முதல் இரண்டு பேர் நவம்பருக்குப் போவார்கள். இது மந்திரம் இல்லை. அதே வாஷிங்டன் மாநிலத்தில் ஜெய்மி ஹெரேரா பட்லர் மூன்றாவதாக வந்து வெளியேறினார். ஆனாலும் தப்பிய இருவரும் இந்த விதிக்குக் கீழே நின்றவர்கள் என்பதைத் தற்செயல் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

செனட்டிலும் இதே கதை. குற்றவாளி என்று வாக்களித்த ஏழு பேரில் 2022-ல் வாக்காளர்களைச் சந்தித்தவர் அலாஸ்காவின் லிசா மர்கௌஸ்கி மட்டும். 2010-ல் கட்சிப் பிரைமரியில் தோற்று, வாக்காளர்களே சீட்டில் பெயரை எழுதிப் போட்டு வெல்லவைத்தவர் அவர். 2020-ல் அலாஸ்கா மக்கள் விதியை மாற்றினார்கள்: பொதுப் பிரைமரியில் முதல் நான்கு பேர், நவம்பரில் விருப்ப வரிசைப்படி வாக்கு. அந்த விதியில் அவர் வென்றார். 2024-ல் அதை ரத்து செய்ய நடந்த வாக்கெடுப்பு ஆயிரத்துக்கும் குறைவான வாக்குகளில் தோற்றது. அதே நாளில் கொலராடோ, ஐடஹோ, நெவாடா வாக்காளர்கள் இதுபோன்ற மாற்றத்தை நிராகரித்தார்கள். நெவாடாவில் இரண்டு கட்சிகளின் தலைவர்களும் அதை எதிர்த்தார்கள்.

லூசியானா எதிர்த் திசையில் போனது. அங்கே நீண்ட காலமாகக் காங்கிரஸ் தேர்தலில் எல்லா வேட்பாளர்களும் ஒன்றாகத்தான் நின்றார்கள். 2024 ஜனவரியில் அந்த மாநிலச் சட்டமன்றம், 2026 முதல் கட்சிவாரியான பிரைமரி என்று மாற்றியது. 2026-ல் அங்கே தேர்தலுக்கு உரிய செனட் இடத்தை வகித்த பில் கேஸிடி, 2021-ல் ட்ரம்புக்கு எதிராக வாக்களித்த அந்த ஏழு பேரில் ஒருவர்.